எங்கே போய் விடுவது?

'விட்டுடுங்க' என்ற சொல்லைப்போல இன்று நன்றாக விலைபோகும் சொல் வேறில்லை. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் தாமரைமேல் அமர்ந்த புத்தர் படத்துக்குக் கீழே அது இருக்கிறது. புத்தர் சொன்னதாகப் போட்டிருப்பார்கள். எந்தச் சூத்திரத்தில், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் 'அதையும் விட்டுடுங்க' என்பார்கள்.

2023 அக்டோபர் கடைசியில் நானும் காசு கொடுத்து அந்தச் சொல்லை வாங்கினேன். கோலாலம்பூருக்கு வெளியே ஒரு விடுதியின் கூட்ட அறை. இரண்டு நாள் முகாம். மதியச் சாப்பாடு சேர்த்து 450 வெள்ளி. பௌத்த வழியில் குற்றவுணர்ச்சியை இறக்கி வைப்பது எப்படி என்பதுதான் பாடம். நாற்பது பேர் இருந்தோம், பெரும்பாலும் தமிழர்கள். மேடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புத்தர், அவருக்குப் பின்னால் நீல விளக்கு. ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். உங்களை உறுத்துவதை அதில் எழுதுங்கள், நீரில் போடுங்கள் என்றார்கள். நீரில் கரைந்துபோகும் தாள் அது. கரைந்ததும் ஒரு கைக்கண்ணாடியைப் பார்த்து 'நான் என்னை மன்னிக்கிறேன்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னேன். அழுதேன். பக்கத்திலிருந்த அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

பொய் சொல்லக்கூடாது, அது வேலை செய்தது. பதிமூன்று நாள் நன்றாகத் தூங்கினேன்.

பதினான்காம் நாள் தீபாவளி. குளுவாங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு அக்கா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல அவள் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, அம்மா விஷயத்துல நான் என்னை மன்னிச்சிட்டேன். விட்டுட்டேன்" என்றேன்.

அக்கா குழாயை மூடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"சரிடா. நீ விட்டுட்ட. நான் எங்க போயி விடுறது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வருகிறது.

கைதட்டல் வாங்கிய பொய்

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு உரிமையில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். வாகனமே இல்லாத ஜொகூர் பாலத்தின் படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அம்மாவுக்கு அப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அப்பா ஏற்கெனவே பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர். அக்கா பதினான்கு வருடம் பார்த்த ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு இருவரையும் பார்த்துக்கொண்டாள். நவம்பரில் அம்மா இறந்தாள். காரியத்தை நான் கைப்பேசித் திரையில் பார்த்தேன்.

ஊரில் நான் சொன்ன கதை இதுதான்: எல்லை மூடியிருந்தது, வர முடியவில்லை. கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். அதைக் கவிதையாகவும் எழுதினேன். ஓர் இலக்கிய நிகழ்ச்சியில் வாசித்துக் கைதட்டலும் வாங்கினேன்.

கதையில் பாதிதான் உண்மை. 2020 ஆகஸ்ட் 17 முதல் இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு பயண ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தன. வேலை அனுமதி உள்ளவர்கள் வேலை பார்க்கும் நாட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தால், மனுப் போட்டு விடுப்பில் வீடு போய்த் திரும்பலாம். செப்டம்பரில் அம்மா ஃபோனில் "ஒரு தடவ வந்துட்டுப் போக முடியாதாய்யா?" என்று கேட்டாள். "பார்டர் மூடியிருக்கும்மா" என்றேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் அது. ஸ்வாப் பரிசோதனை, தனிமைப்படுத்தல், திரும்பி வர முடியாமல் போனால் வேலை என்ன ஆகும் என்ற பயம். பயம் உண்மைதான். அம்மாவிடம் சொன்னது பொய். நான் மனுவே போடவில்லை. எந்த வேலைக்காகப் பொய் சொன்னேனோ அந்த வேலை 2022இல் முடிந்துபோனது. மூட்டையைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு உண்மையிலேயே வழியில்லாமல் இருந்தது. பெற்றவர்களின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் இந்தக் கரையில் நின்று அழுதவர்கள் அவர்கள். அவர்களுடைய துக்கத்துக்குள் என் பொய்யைப் பதுக்கி வைத்தேன். தாளில் நான் எழுதிக் கரைத்தது இதைத்தான்.

ஒரே தாளில் இரண்டு

அக்கா கேட்டதற்குப் பிறகு கோபத்தில்தான் படிக்கத் தொடங்கினேன். புத்தர் என்னதான் சொல்லியிருக்கிறார் என்று பார்த்துவிடுவோமே என்று. நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். பெர்ஹாலா சாலையில், 1894இல் தொடங்கப்பட்ட சிங்கள பௌத்தர்களின் சங்கம் எழுப்பிய மகா விகாரையை வாரத்துக்கு நான்கு முறை கடப்பவன். விசாக தினம் எனக்கு ஒரு பொதுவிடுமுறை, அவ்வளவுதான். நம்மில் பலருக்கு அப்படித்தான்.

பாலியில் குற்றவுணர்ச்சிக்கு மிக அருகில் வரும் சொல் 'குக்குச்சம்'. தப்பாகச் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நினைத்து மனம் அரித்துக்கொண்டே இருப்பது. தியானத்துக்குத் தடையாக பௌத்தம் சொல்லும் ஐந்தில், மனம் அலைபாய்வதோடு சேர்த்து இதுவும் ஒன்று. சாமஞ்ஞபல சூத்திரம் இந்த ஐந்துக்கும் ஐந்து உவமை தருகிறது: கடன், நோய், சிறை, அடிமை வாழ்வு, பாலைவனப் பயணம். குக்குச்சத்துக்குக் கிடைத்தது அடிமை வாழ்வு. நினைத்த இடத்துக்குப் போக முடியாதவன் நிலை. இன்னொரு சூத்திரத்தில் அது காற்றடித்து அலையெழும் பாத்திர நீர். குனிந்து பார்த்தால் முகம் தெரியாது.

'முகாமில் சொன்னதும் இதுதானே, குற்றவுணர்ச்சி ஒரு தடை, விட வேண்டியது' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். மேலே படித்தபோதுதான் பித்தலாட்டம் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது.

அனுருத்தர் எழுதிய 'அபிதம்மத்த சங்கஹம்' என்ற நூல் மன இயல்புகளை வகைபிரித்துப் பட்டியலிடுகிறது. அதில் குக்குச்சம் எந்தக் கூட்டத்தில் இருக்கிறது தெரியுமா? வெறுப்பு, பொறாமை, கஞ்சத்தனம் ஆகியவற்றோடு ஒரே வீட்டில். முதலில் எனக்கு விளங்கவில்லை. குற்றவுணர்ச்சி நல்லவர்களுக்கு வருவது என்றல்லவா நினைத்திருந்தேன்! பிறகு என் மூன்று வருடத்தை எண்ணிப் பார்த்தேன். கஞ்சன் இரவில் பெட்டியைத் திறந்து காசை எண்ணுவதுபோல நான் என் பாவத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியே எடுக்க மனமில்லை. அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்க்கப் போகவில்லை, போனால் அம்மா நினைவு வருமாம். வருடத்துக்கு இரண்டு முறை தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்தேன். என் உறுத்தலால் ஒருவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

அதே நூல் வேறு இரண்டை அழகிய மன இயல்புகள் என்ற வரிசையில் வைக்கிறது. ஒன்று 'ஹிரி', நம் மொழியில் நாணம். இன்னொன்று 'ஒத்தப்பம்', தவற்றின் விளைவுக்கு அஞ்சுவது. இவை இரண்டும்தான் உலகைக் காக்கின்றன என்கிறது அங்குத்தர நிகாயம். வள்ளுவரும் நாணுடைமைக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியவர்தான். குக்குச்சம் நடந்து முடிந்ததைச் சுற்றிச் சுற்றி வரும். நாணம் அடுத்த காரியத்தின் வாசலில் போய் நிற்கும்.

முகாமில் இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொன்னார்கள். ஒரே நீரில் கரைத்தும் விட்டார்கள். உறுத்தலோடு நாணமும் போயே போச்சு. பதிமூன்று நாள் தூக்கத்தின் விலை அது.

கண்ணாடி எதற்கு?

அந்தக் கைக்கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன். மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் தன் மகன் ராகுலனிடம் கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான். அப்படியானால் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் உன் செயலைத் திரும்பத் திரும்பப் பார் என்கிறார். இது எனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ துன்பம் தந்ததா என்று பார்க்க வேண்டும். தந்தது என்றால்? உடலாலும் சொல்லாலும் செய்த தவறை ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழர்களிடமோ திறந்து சொல்ல வேண்டும், இனிச் செய்யாமல் காத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியிடம் மன்னிப்பு வாங்கச் சொல்லி அதில் ஒரு சொல் இல்லை.

பிக்குகளின் வாழ்க்கையிலும் இதுதான் நடைமுறை. மாதத்தில் இரண்டு முறை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், விதிகளை ஓதக் கூடுவார்கள். அதற்குமுன் தவறு செய்தவர் இன்னொரு பிக்குவிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். கேட்பவர், தவறு உனக்குத் தெரிகிறதா என்று கேட்பார். தெரிகிறது என்று பதில். இனிமேல் கவனமாக இரு என்பார். முடிந்தது. 'மன்னித்தேன்' என்ற சொல்லே வராது. அழுகை, நீல விளக்கு, பின்னணி இசை எதுவுமில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குற்றவுணர்ச்சியால் ஆளை நசுக்குவதையும் புத்தர் ஏற்கவில்லை. சம்யுத்த நிகாயத்தில் சங்கு ஊதுபவனை உவமையாகச் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு. கொலை செய்தவன் நரகத்துக்குத்தான் போவான் என்று ஓர் ஆசிரியர் சொன்னால், கேட்கும் சீடன் 'நானும் கொன்றிருக்கிறேனே, நான் தொலைந்தேன்' என்ற எண்ணத்தையே பிடித்துக்கொண்டு கிடப்பான் என்கிறார் புத்தர். அவர் காட்டும் வழி வேறு. செய்தேன், அது நல்லதல்ல, வருந்துவதால் செய்தது செய்யாததாக ஆகிவிடாது. இதை நன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு அந்தச் செயலைக் கைவிட வேண்டும். பிறகு சங்கின் ஒலி நாற்றிசையும் பரவுவதுபோல எல்லா உயிர்களிடத்தும் அன்பைப் பரப்ப வேண்டும்.

'விடு' என்ற சொல் வரும் இடம் இதுதான். விடச் சொன்னது செயலை. நம்மாட்கள் செயலை அப்படியே வைத்துக்கொண்டு உணர்ச்சியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அங்குலிமாலன் மேல் விழுந்த கல்

முகாமில் அங்குலிமாலன் கதையும் சொன்னார்கள். விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்ட கொலைகாரன் புத்தரைச் சந்திக்கிறான், மனம் மாறுகிறான், பிக்கு ஆகிறான். 'அவனே விட்டுட்டான், நீங்க ஏன் சுமக்கிறீங்க?' என்று முடித்தார் நடத்தியவர். எல்லோரும் கைதட்டினோம்.

அவர் சொல்லாமல் விட்ட இரண்டாம் பாதியைச் சொல்கிறேன்.

சாவத்தியில் பிச்சைக்குப் போன அங்குலிமாலன் பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். புத்தரிடம் வந்து சொல்கிறான். 'நான் பிறந்ததிலிருந்து எந்த உயிரையும் அறிந்து கொன்றதில்லை, இந்த உண்மையால் நீ நலமடைவாய்' என்று அவளிடம் போய்ச் சொல் என்கிறார் புத்தர். அங்குலிமாலன் மறுக்கிறான். அது பொய்யாகிவிடுமே, நான் பலரைக் கொன்றவன் ஆயிற்றே என்கிறான். 'துறவில் பிறந்ததிலிருந்து' என்று மாற்றிச் சொல்லச் சொல்கிறார் புத்தர். அதைத்தான் போய்ச் சொல்கிறான். புது ஆளாகிவிட்டவன்கூடப் பழைய கணக்கை அழிக்க ஒப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு அவன் அருகத நிலையை அடைகிறான். பௌத்தத்தில் அதற்குமேல் விடுதலை கிடையாது. அதன்பின்னும் ஒருநாள் ஊருக்குள் போகும்போது கல் விழுகிறது, கம்பு விழுகிறது. தலை உடைந்து ரத்தம் ஒழுக, உடைந்த பாத்திரத்தோடும் கிழிந்த ஆடையோடும் புத்தர்முன் வந்து நிற்கிறான். புத்தர் அவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். கல்லெறிந்தவர்களைக் கூப்பிட்டு 'அவன் மாறிவிட்டான், நீங்களும் விட்டுவிடுங்கள்' என்று உபதேசம் செய்யவில்லை. விநய நூல் இன்னொன்றும் சொல்கிறது. அங்குலிமாலனைச் சேர்த்துக்கொண்டதால் மக்கள் பயந்தார்கள், முறையிட்டார்கள். அப்படிப் பேர்போன கொள்ளையர்களை இனிச் சங்கத்தில் சேர்க்கக்கூடாது என்று புத்தர் விதி போட்டார். பாதிக்கப்பட்ட ஊரின் குரலுக்கு அங்கே இடமிருந்தது.

அஜாதசத்துருவையும் பாருங்கள். நாற்காலிக்காகத் தகப்பன் பிம்பிசாரனைக் கொன்றவன். ஒரு பௌர்ணமி இரவில் புத்தரிடம் வந்து ஒப்புக்கொள்கிறான். தவற்றைத் தவறென்று கண்டு, இனிச் செய்யாமல் காத்துக்கொள்வது வளர்ச்சி என்று சொல்லி புத்தர் அந்த ஒப்புதலை ஏற்கிறார். அவன் எழுந்து போனதும் பிக்குகளிடம் சொல்கிறார்: இந்த அரசன் காயப்பட்டவன், தகப்பனைக் கொல்லாமல் இருந்திருந்தால் இன்று இந்த இருக்கையிலேயே இவனுக்குத் தெளிவு பிறந்திருக்கும். ஒப்புதல் ஏற்கப்பட்டது, இழப்பு இழப்பாகவே இருந்தது. இரண்டையும் ஒரே இரவில் சொல்லும் துணிவு எந்தப் பயிற்சியாளருக்கு இருக்கிறது? சொன்னால் அடுத்த முகாமுக்கு யாரும் காசு கட்டமாட்டார்கள்.

இதில் ஓர் அரசியலும் இருக்கிறது. தமிழில் வாசிக்கிற நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு இலங்கையில் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்த தாய்மார்களிடம், பழையதைக் கிளறாதீர்கள், முன்னே பாருங்கள் என்று சொல்லப்பட்டது. அந்த அரசு பௌத்தத்துக்கு முதலிடம் தரும் அரசியலமைப்பைக் கொண்டது. காயப்பட்டவரைப் பார்த்துக் காயப்படுத்தியவன் 'விட்டுவிடு' என்பதற்கு புத்தரின் சொல்லில் எந்த ஆதாரமும் இல்லை. என் சமையலறைக் கதையை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் அக்காவிடம் போய் நல்ல சேதி சொன்னபோது நானும் அந்த வாக்கியத்தின் ஒரு சின்னப் பிரதியைத்தான் சொன்னேன்.

யாருடைய குற்றம்?

இப்போது என்னைவிட இளையவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரு கேள்வி கேட்பீர்கள். 'எங்களுக்குக் குற்றவுணர்ச்சியை ஊட்டி வளர்ப்பதே வீடுதானே. காதலித்தால் குற்றம், தனியாக வீடெடுத்துத் தங்கினால் குற்றம், பிள்ளை வேண்டாம் என்றால் குற்றம். இதையும் சுமக்கவா சொல்றீங்க?'

இல்லை. ராகுலனுக்குச் சொன்ன அளவுகோல் யாருக்குத் துன்பம் நேர்ந்தது என்பதுதான். யாருடைய கௌரவம் குறைந்தது என்ற கேள்வி அதில் இல்லை. இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன் என்று உங்களால் பெயர் சொல்ல முடியாவிட்டால், உங்கள் கழுத்தில் கிடப்பது பிறர் போட்ட கயிறு. அதைத் தாராளமாக அறுத்துப் போடுங்கள்.

புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கத்தில் ஆனந்தர்மேல் குற்றப்பட்டியல் வாசித்தார்கள். பெண்கள் துறவு பூண அவர் புத்தரிடம் பரிந்து பேசினார் என்பதும் அதில் ஒன்று. ஆனந்தர் ஒவ்வொன்றுக்கும், இதில் நான் தவறு எதையும் காணவில்லை என்றார். மூத்தவர்கள்மேல் உள்ள மதிப்பினால் ஒப்புக்கொள்கிறேன் என்று சேர்த்துக்கொண்டார். சபைக்குத் தலை வணங்கினார், ஆனால் தவறு என்று பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை பௌத்தர்களே அழிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

காரணமே இல்லாமல் நாள் முழுக்கக் குற்றவுணர்ச்சியில் மூழ்குபவர்களும் உண்டு. அது மனச்சோர்வு நோயின் ஒரு முகமாக இருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை, நல்ல மருத்துவரைப் பாருங்கள். எனக்குச் சண்டை என்னைப்போன்றவர்களோடுதான். பெயரும் தேதியும் உள்ள தவற்றைச் செய்துவிட்டு, ஒன்று அதைக் கரைக்க முகாமுக்குப் போகிறவர்கள், இல்லாவிட்டால் அதை வைத்துக் கவிதை எழுதுகிறவர்கள்.

ஆமாம், கவிதை. நம் வட்டத்தில் இது ஒரு தனி வியாபாரம். அப்பாவைக் கவனிக்காத குற்றவுணர்ச்சி, தோட்டத்தை விட்டு வந்த குற்றவுணர்ச்சி, தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காத குற்றவுணர்ச்சி. எழுதுகிறோம், மேடையில் குரல் உடைகிறது, கைதட்டல். வெளியே வந்து தேத்தாரே குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அப்பா அங்கேயேதான் இருக்கிறார். முகாம்காரர் 450 வெள்ளிக்குக் கரைத்துத் தருவதை நாம் இலவசமாக மெருகேற்றிக் கண்காட்சியில் வைக்கிறோம். பெட்டியைத் திறந்து எண்ணும் கஞ்சன்தான் இவனும். சபை கூட்டி எண்ணுகிறான்.

மணிபல்லவத்து எலும்புகள்

இந்த விஷயத்தில் எனக்குக் கடைசித் தெளிவைத் தந்தது ஒரு தமிழ் நூல். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. பள்ளியில் அமுதசுரபியோடு நிறுத்திவிடுவார்கள். ஆபுத்திரனின் பிற்பகுதியை நான் அக்கா கேட்டபிறகுதான் படித்தேன்.

பசித்தவர்க்கெல்லாம் அமுதசுரபியால் சோறிட்டவன் ஆபுத்திரன். மழை பெய்து நாடு செழித்ததும் அவனிடம் வர ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். நம் பக்கத்துத் தீவுகளில் ஒன்றாகப் பலரும் கருதும் அதே சாவகம். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை, ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் விட்டுவிட்டுப் போகிறது. ஆளில்லாத் தீவு. ஊரையே ஊட்டும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தன் வயிற்றை மட்டும் நிரப்ப அவனுக்கு மனமில்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான். எவ்வளவு உயர்ந்த சாவு! நான் எழுதியிருந்தால் அங்கேயே முடித்துக் கைதட்டல் வாங்கியிருப்பேன்.

சாத்தனார் முடிக்கவில்லை. ஆபுத்திரன் சாவகத்தில் புண்ணியராசன் என்ற அரசனாக மறுபடி பிறக்கிறான். மணிமேகலை அவனை மணிபல்லவத்துக்கு வரவழைக்கிறாள். அங்கே தீவதிலகை அவனுக்கு எலும்புகளைக் காட்டுகிறாள். உன்னைத் தேடி வந்த ஒன்பது செட்டிகளின் எலும்புகள் இவை என்கிறாள். நீ இறந்தது கண்டு அவர்களும் உண்ணாமல் இறந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து அவர்களுடன் வந்தவர்களும் இறந்தார்கள். உன் உயிரையும் கொன்றாய், உனக்காக இரங்கிய பிற உயிர்களையும் கொன்றாய், நீ கொலைகாரன்தானே என்று அரசனைப் பார்த்துக் கேட்கிறாள்.

தன்னை வதைத்துக்கொள்பவனைப் பார்த்து 'உன்னால் இத்தனை பேர்' என்று எலும்பை எண்ணிக் காட்டும் இந்த இடத்தைப் படித்து நான் புத்தகத்தை மூடி வைத்தேன். என்னையே வருத்திக்கொண்ட மூன்று வருடத்தில் யார் யார் என்னால் காய்ந்தார்கள் என்று அதுவரை நான் எண்ணியதே இல்லை.

அரசன் மணலைத் தோண்டித் தன் பழைய உடலின் எலும்புகளையும் காண்கிறான், கலங்கிப்போகிறான். மணிமேகலை அவனிடம் விட்டுவிடு என்று சொல்லவில்லை. இங்கேயே உட்கார்ந்து அழு என்றும் சொல்லவில்லை. அறம் எது என்று சொல்கிறாள்: எல்லா உயிர்க்கும் உணவு, உடை, உறைவிடம் தருவது. அவ்வளவுதான். அரசன் தன் நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். செய்ய வேண்டிய வேலை அங்கே இருந்தது.

பின்கட்டு

2024 ஜனவரியில் குளுவாங்குக்குப் போனேன். பண்டிகை எதுவும் இல்லாத ஒரு சனிக்கிழமை. அக்காவிடம் சொன்னேன்: "ஆகஸ்டுலேருந்தே மனு போட்டு வந்திருக்கலாம்க்கா. நான் போடல. அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

"அம்மா டெய்லி கேக்கும்டா. பார்டர் தொறந்துட்டாங்களான்னு. இன்னும் இல்லம்மா, தொறந்தா மொத ஆளா தம்பி வந்துருவான்னு சொல்வேன். கடைசி நாளு வரைக்கும் சொன்னேன். அந்தப் பொய்ய நானும்ல சொல்லியிருக்கேன்."

அவள் எங்கே போய் விடுவது என்று கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வருடம் நான் ஒளித்த பொய்யை அவள் வாயால் அம்மாவுக்கு ஊட்டியிருக்கிறேன்.

அக்கா என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: 'புதன்கிழமை அப்பாக்கு கிளினிக். வர முடியுமா?' லீவு போட்டேன், பேருந்து ஏறினேன்.

இப்போது மாதத்தில் இரண்டு முறை போகிறேன். அப்பாவைக் குளிப்பாட்டுவது எனக்கு முதலில் வரவில்லை. விழுந்த கையை எப்படித் தூக்கிச் சட்டைக்குள் விடுவது என்று அக்காதான் சொல்லிக் கொடுத்தாள். அப்பா அம்மாவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் சூடாக இருந்தால் மட்டும் முணுமுணுப்பார். உறுத்தல் போய்விட்டதா என்று கேட்டால், சில நாள் இருக்கிறது, சில நாள் கவனிக்க நேரமில்லை. அந்தக் கவிதையை என் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

உங்களிடம் யாராவது புத்தர் பெயரால் 'விட்டுடுங்க' என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். யாரிடம் சொல்லிவிட்டு விடுவது? விட்டபிறகு அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?

நான் போகும் சனிக்கிழமைகளில் அக்கா மதியம் தூங்குகிறாள்.